என்ஃபீல்டு அல்லாத ஒரு க்ரூஸர்

சென்னையில் க்ரூஸர், அதாவது தாழ்ந்த சீட்டில் கால் நீட்டி ஓட்டும் நீளமான பைக், வாங்கப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், "மீட்டியரா, கிளாசிக்கா?" என்று ராயல் என்ஃபீல்டின் இரண்டு மாடல்களைச் சொல்லிக் கேட்டுவிடுவார்கள். மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அதில் தப்பு சொல்லவும் முடியாது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெடிட்ச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் கைகோத்து, ராணுவத்துக்குப் புல்லட் 350 பூட்டித் தர ஆரம்பித்தது இந்த ஊரில்தான். திருவொற்றியூரில் தொடங்கி ஒரகடம், வல்லம் வடகால் என்று தொழிற்சாலைகள் நீண்டுவிட்டன. ஊரில் பாதிப் பேருக்கு யாராவது ஒரு சித்தப்பாவின் புல்லட் கதை இருக்கும்.

நான் வேறு பக்கம் பார்த்ததற்கு அந்தக் கம்பெனி மேல் வெறுப்பெல்லாம் காரணமில்லை. எங்கள் அடுக்ககத்தின் வண்டி நிறுத்தும் இடம்தான் காரணம். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் தெரு ஒரு சாண் உயர்ந்து, இப்போது எங்கள் கேட்டுக்குள் நுழைந்தால் கீழ்நோக்கிச் சரிவு. காலையில் வண்டியைப் பின்னோக்கித் தள்ளி அந்தச் சரிவில் ஏற்றித்தான் வெளியே எடுக்க வேண்டும். எனக்கு உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. என்ஃபீல்டின் சூப்பர் மீட்டியர் 650-இன் எடை 241 கிலோ. ஷோரூமின் வழுவழுப்பான டைல்ஸ் தரையில் அதை அசைத்துப் பார்த்தபோதே விஷயம் புரிந்துவிட்டது. இதை எந்த வீடியோ விமர்சனத்திலும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் வண்டியை ஓட்டிப் பார்ப்பதோடு சரி, தள்ளிப் பார்ப்பதில்லை. ஹோண்டா கோல்டுவிங்கில் ரிவர்ஸ் இருக்கிறது. அந்த விலைக்கு எங்கள் தெருவையே தோண்டித் தாழ்த்திவிடலாம்.

தொடங்கும் முன் என் பிடிவாதம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புல்லட்டும் கிளாசிக்கும் க்ரூஸரே இல்லை. இரண்டிலும் சீட் உயரம் 805 மில்லிமீட்டர், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 1,390 மில்லிமீட்டர். கால் முட்டிக்கு நேர் கீழே ஃபுட்ரெஸ்ட். நாற்காலியில் உட்காருவது போல நிமிர்ந்து உட்காருகிறோம். டப் டப் என்ற சத்தமும் குரோம் பூச்சும் இருப்பதால் மட்டும் ஒரு வண்டி க்ரூஸர் ஆகிவிடாது. ஹோண்டாவின் ஹைனெஸ் சிபி350, ஓசூர் டிவிஎஸ்ஸின் ரோனின் எல்லாமே இதே ஜாதி. 2023-இல் ஹீரோவோடு சேர்ந்து ஹார்லி-டேவிட்சன் கொண்டுவந்த எக்ஸ்440-கூட அப்படித்தான். டேங்கில் ஹார்லி என்று எழுதியிருக்கிறது, சீட் உயரம் புல்லட்டேதான், 805. உலகத்தில் க்ரூஸர் என்றாலே நினைவுக்கு வரும் பெயரை ஒட்டிக்கொண்டு ஒரு சாதா ரோட்ஸ்டர் வருகிறது என்றால், பெயரைப் பார்த்து வாங்குவது எவ்வளவு தூரம் சரிப்படும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

க்ரூஸர் என்றால் உட்காரும் விதம்தான். சீட் 750 மில்லிமீட்டருக்குக் கீழே அல்லது அதை ஒட்டி இருக்கும். கால் முன்னால் நீளும். ஹேண்டில்பார் நம்மை நோக்கி வளைந்து வரும். முன் ஃபோர்க் சாய்ந்து, வண்டி நீளமாக இருக்கும். பஜாஜ் அவெஞ்சர் க்ரூஸ் 220-இல் சீட் 737, சக்கர இடைவெளி 1,490. கவாசாகி எலிமினேட்டரில் 735, 1,520. ஹோண்டா ரெபெல் 500-இல் சீட் வெறும் 690. கவாசாகி வல்கன் எஸ்ஸில் 705. என்ஃபீல்டில் இந்த வகையில் சேர்பவை சூப்பர் மீட்டியரும் (740), கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் மீட்டியர் 350-உம் (765).

என்னைப் போன்ற குள்ளர்களுக்கு இது வரம். சிக்னலில் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதியும். கத்திப்பாரா மேம்பாலத்துக்கு முன்னால் அங்குலம் அங்குலமாக நகரும்போது, நுனிக்காலில் தாங்கி நிற்பதற்கும் முழுப் பாதம் ஊன்றி நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் இடுப்புக்குத் தெரியும்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு, அதை விற்பனைக்காரர்கள் சொல்வதே இல்லை. சாதா வண்டியில் வேகத்தடை வந்தால் என்ன செய்கிறோம்? யோசிக்காமலே ஃபுட்ரெஸ்டில் காலை அழுத்திப் பிட்டத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொள்கிறோம். அதிர்ச்சியை முழங்கால் வாங்கிக்கொள்ளும். க்ரூஸரில் கால் முன்னால் நீட்டியிருப்பதால் எழும்ப முடியாது. மொத்த அடியும் நேராக வால் எலும்பில் விழும். அதோடு, சீட்டைத் தாழ்த்த வேண்டும் என்பதற்காகப் பின்பக்க சஸ்பென்ஷன் அசைவதற்கான இடத்தையும் குறைத்துவிடுகிறார்கள். சூப்பர் மீட்டியரில் பின்சக்கரம் மேலும் கீழும் அசையக்கூடிய தூரம் 101 மில்லிமீட்டர்தான். இந்திய சாலைப் பேராயத்தின் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும், அதாவது மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் ஒரு மேடு. எங்கள் ஏரியாவில் இருப்பவை கவுன்சிலர் வீட்டு வாசலில் கொட்டிக் காயவைத்த சிமெண்ட் குவியல்கள். தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் 135 மில்லிமீட்டர் இருக்கும் சூப்பர் மீட்டியரை அவற்றின் மேல் ஏற்றும்போது கடவுள் நினைவு வரும். முதுகு, இடுப்பு வலி உள்ளவர்கள் காலை அதிகம் முன்னால் தள்ளாத க்ரூஸரைத் தேடுவது நல்லது. அந்த வகையில் ரெபெல்லும் எலிமினேட்டரும் பரவாயில்லை. வல்கன் எஸ்ஸில் ஃபுட்ரெஸ்டை மூன்று நிலைகளில் மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்பது உண்மையிலேயே யோசித்துச் செய்த காரியம்.

இந்த 'பெரிய பெயருக்கு அப்பால்' என்ற தேடல் அமெரிக்காவில் ரொம்பப் பழசு. எழுபதுகளின் கடைசியில் ஜப்பான்காரர்கள் ஹார்லியின் தோற்றத்தைப் பார்த்து வண்டி செய்யத் தொடங்கினார்கள். யமஹா விராகோ 1981-இல் வந்தது, ஹோண்டா ஷேடோ 1983-இல். எண்ணெய் ஒழுகாது, நினைத்தபோது ஸ்டார்ட் ஆகும், விலையும் குறைவு. ஹார்லி அரசாங்கத்திடம் போய் நின்றது. 1983-இல் ரீகன், 700 சிசிக்கு மேற்பட்ட இறக்குமதி மோட்டார்சைக்கிள்களுக்கு 4.4 சதவீதமாக இருந்த தீர்வையை ஒரேயடியாக 49.4 ஆக்கினார், ஐந்தாண்டுகளில் படிப்படியாகக் குறையும் என்ற ஏற்பாட்டோடு. ஜப்பான்காரர்கள் சும்மா இருப்பார்களா? 750 சிசி விராகோ 699 சிசி ஆனது. ஷேடோ 750-உம் 700 ஆகச் சுருங்கியது. கோட்டுக்கு ஒரு சிசி உள்ளே நின்றுகொண்டார்கள். ஹார்லியே 1987-இல், இனி இந்தப் பாதுகாப்பு வேண்டாம் என்று கெத்தாக அறிவித்தது.

நம் ஊரிலும் இப்போது அப்படி ஒரு கோடு இருக்கிறது, 350 சிசியில். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். ஒரு சிசி கூடினாலும் 40. முன்பு வித்தியாசம் சிறியது, 28-க்கு 31. மீட்டியர் 349 சிசி, சிபி350 348 சிசி, ஜாவா பாபர் 334 சிசி என்று எல்லாரும் கோட்டுக்கு உள்ளே நிற்கிறார்கள். கோட்டைத் தாண்டினால் காப்பீடும் எகிறும். புது வண்டிக்கு ஐந்து வருஷ மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022-இல் வகுத்த கட்டணப்படி 150 முதல் 350 சிசி வரை 7,365 ரூபாய், அதற்கு மேல் 15,117. பிறகு தமிழ்நாட்டின் ஆயுள் வரி வேறு, லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்கு 12 சதவீதம். ஷோரூம் விலை என்று பத்திரிகையில் போடுவது வெறும் தொடக்கம்.

இந்தக் கணக்கையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கப் போனேன்.

எலிமினேட்டரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மனசு அதில்தான் விழுந்தது. 451 சிசி, இரட்டை சிலிண்டர், 45 குதிரைத் திறன். எடை 176 கிலோ மட்டும்! இரட்டை சிலிண்டர் க்ரூஸர் ஒன்று மீட்டியர் 350-ஐவிட 15 கிலோ குறைவாக இருப்பதை நம்புவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. சரிவில் ஒரு கையால் தள்ளலாம் போலிருந்தது. கிளட்ச் சைக்கிள் பிரேக் மாதிரி லேசு. ஆனால் இன்ஜின் கவாசாகியின் ஸ்போர்ட்ஸ் வண்டியான நின்ஜாவின் வம்சம். மொத்தத் திறனும் நிமிடத்துக்கு 9,000 சுற்றில்தான் வெளியே வருகிறது. க்ரூஸரின் சுகமே டாப் கியரில் நாற்பதில் போய்க்கொண்டிருக்கும்போது லேசாகத் திருகினால் அடிவயிற்றிலிருந்து இழுப்பதுதான். அந்த விஷயத்தில் சூப்பர் மீட்டியர் இதை ஊதித் தள்ளிவிடும். 52.3 நியூட்டன் மீட்டர் இழுவை அதற்கு, இதற்கு 42.6. ஒன்று யானை, இன்னொன்று குதிரை என்றெல்லாம் சொல்ல வரவில்லை. சும்மா நிதானமாகப் போகத்தான் க்ரூஸர் என்று நினைப்பவருக்கு எலிமினேட்டர் கொஞ்சம் பரபரப்பாகத் தெரியும், அவ்வளவுதான். விலைதான் கையைச் சுட்டது. 2024 ஜனவரியில் வந்தபோதே 5.62 லட்சம், ஷோரூம் விலையில். முழுசாக இறக்குமதி. சூப்பர் மீட்டியர் 2023-இல் 3.49 லட்சத்துக்கு வந்ததை நினைத்துப் பாருங்கள்.

ரெபெல் 500-உம் அதே கதைதான். 2025 மே மாதம் 5.12 லட்சத்துக்கு அறிமுகமானது. 690 சீட்டில் உட்கார்ந்தால் தெருவிலேயே உட்கார்ந்த மாதிரி இருக்கிறது, எனக்குப் பிடித்திருந்தது. பின்சீட்டைப் பார்த்துவிட்டு என் மனைவி, "இதுல டிபன் பாக்ஸ்தாங்க வைக்கலாம்" என்றாள். ஜாவா 42 பாபரில் பின்சீட்டே இல்லை. அங்கே அவள் ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தாள், நான் ஷோரூமை விட்டு வெளியே வந்துவிட்டேன். வண்டி அழகு, அதில் சந்தேகமில்லை. தனியாக ஊர் சுற்றும் இளவட்டங்களுக்கு ஏற்றது.

கீவே வி302சி என்று ஒன்று. சீனாவின் சியான்ஜியாங் குழுமத்துடையது, பெனெல்லியும் அவர்கள் கையில்தான். 298 சிசியில் அசல் வி-ட்வின் இன்ஜின் (V வடிவில் இரண்டு சிலிண்டர்), செயினுக்குப் பதிலாக பெல்ட். க்ரூஸர் பிரியர் ஒருவர் கனவு காண்பதெல்லாம் சின்ன அளவில் அதில் இருக்கிறது. கோட்டுக்கு உள்ளேயும் இருக்கிறது. ஏறக்குறைய முடிவே செய்துவிட்டேன். ராயப்பேட்டையில் எனக்கு வழக்கமாக வண்டி பார்க்கும் பாயிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நன்றாகப் பார்த்தார்.

"வண்டி சூப்பரா கீது சார். இந்த இன்ஜின் வேற எந்த வண்டில வருது?"

"நம்ம ஊர்ல அதிகமா இல்ல பாய்."

"அப்ப எங்கிட்ட வராத சார்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அவர் கேட்ட அந்த ஒரு கேள்விதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த விஷயமே. என்ஃபீல்டை விட்டு வெளியே வருகிறவர் உண்மையில் விட்டுவிடுவது பெயரையோ சத்தத்தையோ அல்ல. திண்டிவனத்திலும் திருப்பத்தூரிலும் மரத்தடியில் ஸ்பேனரோடு உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கை. கிளட்ச் கேபிள் அறுந்தால் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும் என்ற தைரியத்தை. அதற்கு ஈடாக ஒன்று வேண்டும் என்றால், க்ரூஸரின் இன்ஜினுக்குச் சொந்தபந்தம் இருக்க வேண்டும். அதே இன்ஜின் வேறு வண்டிகளிலும், முடிந்தால் தினசரி ஆபீசுக்கு ஓடும் வண்டிகளிலும் இருந்தால், அந்த க்ரூஸர் நாளைக்கே கடையை விட்டுப் போனாலும் பிஸ்டன் ரிங்கும் வால்வும் கிளட்ச் பிளேட்டும் கிடைத்துக்கொண்டிருக்கும். எலிமினேட்டரின் இன்ஜின் நின்ஜா 500-இல் இருக்கிறது. ரெபெல்லின் 471 சிசி இன்ஜின் ஹோண்டா என்எக்ஸ்500-இல் இருக்கிறது. வல்கன் எஸ்ஸின் 649 சிசி நின்ஜா 650, வெர்சிஸ் 650 எல்லாவற்றிலும் ஓடுகிறது. இவர்கள் பணக்காரச் சொந்தங்கள், சரி, ஆனாலும் சொந்தம்தான்.

சொந்தமில்லாத வண்டிகளுக்கு என்ன ஆகும் என்பதை நம் ஊர் ஏற்கனவே பார்த்துவிட்டது. யூஎம் என்ற கம்பெனியின் ரெனிகேட் க்ரூஸர் ஞாபகமிருக்கிறதா? 2016 டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் வந்து இறங்கியது. 279 சிசி, ஆளை அசத்தும் உருவம், விலையும் கைக்கு எட்டியது. சென்னையில் ஞாயிற்றுக்கிழமை காலை ஈசிஆரில் கொஞ்ச நாள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. 2019-க்குப் பிறகு கம்பெனியே இங்கே இல்லை. ஹியோசங் கதை இன்னும் நீளம். கொரியாக்காரர்களின் அக்விலா 250, சின்ன வி-ட்வின் க்ரூஸர், இன்றைக்கும் பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் இந்தியாவில் கார்வாரே, டிஎஸ்கே, கைனெடிக் என்று கை மாறி மாறி, நடுவில் 2018-இல் டிஎஸ்கே நொடித்துப்போனபோது வண்டிக்காரர்கள் பாடு திண்டாட்டம். என் நண்பன் ஒருவன் அப்படி அனாதையான ஒரு வண்டியை வைத்துக்கொண்டு, ஒரு கார்பன் பிரஷ்ஷுக்காக, பழைய உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையில் சந்து சந்தாக அலைந்தான். கடைசியில் வேறு வண்டியின் பிரஷ்ஷை அரத்தால் ராவிப் பொருத்திக் கொடுத்தார்கள். புதுப்பேட்டையில் முடியாதது இல்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் புதுப்பேட்டைதான் என்றால் அது வண்டி வைத்திருக்கும் லட்சணமில்லை.

இந்தச் சொந்தபந்தக் கணக்கில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிடுவது, நான் ஆரம்பத்தில் ஏறெடுத்தும் பார்க்காத அவெஞ்சர்.

அதன் பூர்வீகம் சுவாரசியமானது. 2001-இல் பஜாஜும் கவாசாகியும் சேர்ந்து எலிமினேட்டர் என்ற பெயரில் ஒரு க்ரூஸரைக் கொண்டுவந்தார்கள். ஆமாம், 2024-இல் ஐந்தரை லட்சத்துக்கு மேல் விலையோடு வந்த அதே பெயர்தான். கவாசாகியின் 175 சிசி இன்ஜின், அந்தக் காலத்துக்கு விலை அதிகம், வாங்கினவர்கள் கொஞ்சம் பேர். 2005-இல் அந்த உடம்பை அப்படியே வைத்துக்கொண்டு, பல்சர் 180-இன் இன்ஜினைப் பொருத்தி, அவெஞ்சர் என்று பெயர் மாற்றி விலையைக் குறைத்தார்கள். பிழைத்துக்கொண்டது. பிறகு 200 ஆகி, 2010-இல் 220 ஆனது. அதே சமயத்தில் வந்த யமஹா என்டைசர் போன்றவை மறைந்துபோனதற்கும் இது தாக்குப்பிடித்ததற்கும் எனக்குத் தெரிந்து ஒரே காரணம், உள்ளே இருப்பது பல்சர் என்பதுதான். பல்சர் 220-க்குப் பாகம் கிடைக்காத ஊர் தமிழ்நாட்டில் இல்லை.

குறைகளை மறைக்கப் போவதில்லை. அது க்ரூஸர் வேஷம் போட்ட பல்சர் இன்ஜின். 19 குதிரைத் திறன் 8,500 சுற்றில், 17.55 நியூட்டன் மீட்டர் இழுவை 7,000 சுற்றில். கனமான டப் டப் கிடையாது, ஐந்தாம் கியரில் நாற்பதுக்குக் கீழே போனால் முனகும். சத்தத்துக்காக க்ரூஸர் வாங்குகிறவர்கள் இதன் பக்கம் வரவே வேண்டாம். குரோம் சீக்கிரம் மங்கும். ஸ்போக் வீல் என்பதால் டியூப் டயர், ஆணி குத்தினால் உடனே உட்கார்ந்துவிடும். ஆனால் 163 கிலோ. எங்கள் சரிவில் அதைத் தள்ளிக்கொண்டே போன் பேசலாம். பின்னால் சாய்மானம் கம்பெனியிலேயே வருகிறது. புடவை கட்டிக்கொண்டு ஒருபக்கமாக உட்காருகிறவருக்கு அந்தச் சாய்மானத்தின் அருமை தெரியும். அலுவலக நண்பர் ஒருவரின் வண்டியில் என் மனைவியை உட்காரவைத்து ஒரு சுற்று போய்விட்டு வந்தபோது, "இது போதும்" என்றாள். இத்தனை ஷோரூம் ஏறி இறங்கியதில் அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அதுதான்.

கேலி செய்தவர்கள் உண்டு. மச்சான் வந்து, "மாமா, மீட்டியர் எடுக்கிற காசு வச்சிக்கிட்டு யாராவது இதை எடுப்பாங்களா?" என்றான். அவன் கேட்பது நியாயம்தான். மீட்டியர் 350 நல்ல வண்டி. இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு அதுவே சரியான விடையாகவும் இருக்கலாம். ஊரெல்லாம் வைத்திருக்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு நல்ல வண்டியை ஒதுக்குவது, ஊரெல்லாம் வைத்திருக்கிறார்கள் என்பதற்காக வாங்குவதைவிடப் புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை. என் கணக்கு வேறு. நான் பழைய வண்டி பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

மற்ற வண்டி வேண்டாம், என்ஃபீல்டே எடு என்று சொல்கிறவர்கள் எல்லாரும் கடைசியில் நீட்டும் துருப்புச்சீட்டு, "ரீசேல் வேல்யூ". உண்மைதான், பழைய என்ஃபீல்டுக்கு விலை அவ்வளவு சுலபத்தில் இறங்காது. ஆனால் அது விற்கிறவனுக்குத்தானே நல்லது? வாங்குகிறவனுக்கு என்ன? பழைய மீட்டியர் ஒன்றை விசாரித்தால், புதுசின் விலையிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கும் ஒரு தொகையைக் கூசாமல் சொல்கிறார்கள். அதே வயதுள்ள அவெஞ்சரை யாரும் சீந்துவதில்லை. பெயர் இல்லாததால் விலை விழுந்துவிடுகிறது, இன்ஜினுக்குச் சொந்தம் இருப்பதால் பாகத்துக்குக் குறையில்லை. பெரிய பெயருக்கு வெளியே போகிறவருக்கு இவ்வளவு தோதான இடம் வேறெங்கும் இல்லை. எலிமினேட்டர், வல்கன் ஆசைக்காரர்களுக்கும் இதையே சொல்வேன். முதல் சொந்தக்காரர் கட்டிய 12 சதவீத ஆயுள் வரியும் இறக்குமதித் தீர்வையும் உங்களுக்கு ஏறக்குறைய இலவசம்.

பழசு பார்க்கும்போது 2020-க்குப் பிந்தைய, பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டியாகப் பார்த்தேன். கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது அப்போதுதான். பாய் சொல்லிக் கொடுத்தபடி பார்த்தேன்: சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் நடுவில் கட்டை போல மாட்டக் கூடாது, மாட்டினால் கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங், போயிருக்கிறது. ஸ்போக் கம்பிகளைப் பேனாவால் வரிசையாகத் தட்டினால் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும். ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கறை, பின் ஷாக்கில் கசிவு, செயின் ஸ்ப்ராக்கெட் பல் கூர்மை. இது எல்லா வண்டிக்கும் பொதுவானது. சென்னைக்கு மட்டும் உரிய ஒன்று உண்டு. விற்பவரின் வீடு திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் என்றால் சைலன்சரின் அடிப்பக்கத்தையும் ஸ்போக் முனைகளையும் குனிந்து பாருங்கள். உப்புக்காற்று குரோமுக்கு எமன். க்ரூஸரில் குரோம்தான் பாதி வண்டி.

காகித விஷயத்தில் அவசரம் கூடாது. பரிவாகன் தளத்தில் எண்ணைப் போட்டால் கடன் பாக்கி, அபராத பாக்கி, காப்பீடு எல்லாம் தெரிந்துவிடும். ஆர்சி என்ற பதிவுச் சான்றிதழில் ஹெச்பி (கடன் அடமானம்) என்று ஃபைனான்ஸ்காரன் பெயர் இருந்தால், படிவம் 35-உம் வங்கியின் தடையில்லாச் சான்றும் வராமல் ஒரு ரூபாய் நீட்டாதீர்கள். உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30. புதுச்சேரிப் பதிவு எண் உள்ள வண்டி விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று மயங்குகிறவர்கள் அதிகம், அதுவும் பெரிய வண்டிகளில். அங்கிருந்து படிவம் 28 வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும் என்பதைக் கூட்டிப் பார்த்தால் அந்த மலிவு ஆவியாகிவிடும்.

தாம்பரம் பக்கம் ஒருவரிடம் கறுப்பு நிற க்ரூஸ் 220 ஒன்று கிடைத்தது. ஓய்வு பெற்ற மனிதர், வாரம் ஒருமுறை கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போனாராம். மிச்சமான பணத்தில் முதலில் பின் ஷாக் இரண்டையும் மாற்றினேன். சீட்டுக்கு உள்ளே இருந்த ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு அடர்த்தியான ஒன்றை ஜி.பி. ரோட்டில் வைத்துத் தைத்துக் கொடுத்தார்கள். வால் எலும்பு விஷயத்தில் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. மீதிப் பாதிக்கு மருந்து நிதானம்தான். தாம்பரம் வழியாகப் போகும் ஜிஎஸ்டி நெடுஞ்சாலையில் எண்பதில் பிடித்தால் நாள் முழுக்கப் போகலாம். தொண்ணூற்றைந்தைத் தாண்டினால் ஃபுட்ரெஸ்டில் ஒரு குறுகுறுப்பு வந்து போதும் என்கிறது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இந்த நீளமான உடம்பு என்ன பாடுபடுத்துமோ என்று பயந்துகொண்டே போனேன். ஒன்றுமில்லை, கொஞ்சம் அகலமாக வளைக்க வேண்டும், கூடுதலாகச் சாய்த்தால் ஃபுட்ரெஸ்ட் தார் ரோட்டில் உரசி எச்சரிக்கை கொடுக்கும். எதிரே வந்த மினி பஸ் டிரைவர்தான் என்னைவிட அதிகம் பயந்தார் என்று நினைக்கிறேன். டியூப் டயர் பயம் மட்டும் இன்னும் போகவில்லை, சீட்டுக்கு அடியில் ஒரு டியூபும் லீவரும் நிரந்தரமாக இருக்கின்றன.

கேலி செய்த மச்சான் இப்போது ரெபெல் 500 வாங்கலாமா என்று என்னிடமே வந்து யோசனை கேட்கிறான். வண்டி நல்ல வண்டிதான், இன்ஜினுக்குச் சொந்தமும் இருக்கிறது. ஆனால் அதன் வயிறு ரொம்பத் தாழ்வு, அவன் தெருவில் வரிசையாக வேகத்தடைகள். முதலில் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றின் உயரத்தையும் அளந்து எழுதிக்கொண்டு வா, அப்புறம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.